கடை ஈரோட்டுல, கிளை கோவையில... கம்ப்யூட்டர்களை இன்டர்நெட் வழியே இணைப்பது எப்படி? ‘போர்ட்’ திறந்துவிட்டால் என்ன ஆபத்து? - முழு விளக்கம்

ஈரோட்டில் மொத்த ஜவுளிக் கடை. பெருந்துறையில் குடோன். கோவையில் புதிதாக ஒரு கிளை. இப்படி ஒரு வியாபாரத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் இருக்கு, பிராட்பேண்ட் இருக்கு. ஆனால் கோவையில் போட்ட பில் ஈரோட்டுக்கு வருவது வாட்ஸ்அப் போட்டோவாக. குடோனில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும். மாதக் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்கிறார்.

ஒரே மாநிலத்துக்குள், ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இயங்கும் கிளைகள் எல்லாவற்றின் விற்பனையும் ஒரே ரிட்டர்னில்தான் வர வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசித் தேதி அடுத்த மாதம் 11. ஒரு கிளையின் பில் விடுபட்டாலோ, ஒரே பில் ரெண்டு முறை ஏறினாலோ தலைவலி கடைக்காரருக்குத்தான்.

“ரெண்டு பக்கமும் நெட் இருக்கே, அப்படியே இணைச்சுவிட முடியாதா?” என்று கேட்டால், முடியும். பெரிய செலவும் இல்லை. ஆனால், இதற்குப் பல இடங்களில் கையாளப்படும் சுலபமான வழிதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி. ஏன், பாதுகாப்பாக இணைக்க என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

ஒரே கடைக்குள் நான்கு கம்ப்யூட்டர் இருந்தால் பிரச்னையே இல்லை. எல்லாம் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கும். அந்த ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கும். 192.168.1.5, 192.168.1.6 என்ற மாதிரி. இதுதான் ஐபி முகவரி. பில்லிங் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் தேடிப்போய் மெயின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கைத் திறக்கும்.

சிம்பிளாகச் சொல்லணும்னா, இது ஆபீஸ் இன்டர்காம் நம்பர் மாதிரி. உள்ளே இருந்து 12 அழுத்தினால் கேஷியர் எடுப்பார். அதே 12-ஐ வெளியூரில் இருந்து அழுத்தினால் யார் எடுப்பார்? யாரும் இல்லை. 192.168 என்று தொடங்கும் எண்களும் அப்படித்தான். உங்கள் கடையிலும் இருக்கும், எதிர்க்கடையிலும் இருக்கும், நம் வீட்டிலும் இருக்கும். அந்தந்த சுவருக்குள் மட்டும்தான் அதற்கு மதிப்பு.

வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டருக்கு இன்டர்நெட் நிறுவனம் கொடுக்கும் பொது ஐபி முகவரி. கடையில் பத்து கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியே தெரிவது அந்த ஒரே எண்தான். உள்ளிருந்து யார் என்ன கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அவரவரிடம் பிரித்துக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. இதற்குப் பெயர் ‘நாட்’. வெளியே இருந்து யாராவது தானாக வந்து கதவைத் தட்டினால், “யாரைப் பார்க்கணும்னு தெரியலையே” என்று ரவுட்டர் திருப்பி அனுப்பிவிடும். கோவைக் கிளையால் ஈரோட்டுக் கம்ப்யூட்டரை நேரடியாகத் தொட முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

உங்கள் நெட் கனெக்‌ஷனுக்குச் சொந்த முகவரி இருக்கிறதா?

ரெண்டாவது காரணம் இன்னும் சிக்கலானது. பழைய முறையான ஐபிவி4-ல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி பிரித்துத் தரும் ஏபிநிக் அமைப்பின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. எனவே இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கு ‘சிஜிநாட்’ என்று பெயர்.

அதாவது, ஒரு அபார்ட்மென்ட்டுக்கே ஒரே கதவு எண். கடிதம் கேட் வரை வரும். எந்த ஃபிளாட் என்று செக்யூரிட்டிக்கு மட்டும்தான் தெரியும். அந்த செக்யூரிட்டி இன்டர்நெட் நிறுவனத்தின் ஆள், உங்கள் ஆள் இல்லை.

உங்கள் கனெக்‌ஷன் அப்படிப்பட்டதா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘வேன் ஐபி’ என்று ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கனெக்‌ஷனில் இருந்து கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடுங்கள். ரெண்டு ஐபிவி4 எண்ணும் ஒன்றாக இருந்தால் பொது முகவரி உங்களிடம் இருக்கிறது. வேறாக இருந்தால், குறிப்பாக ரவுட்டரில் உள்ள எண் 10-லோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பொது முகவரி இருந்தாலும் அது மாறிக்கொண்டே இருக்கலாம். கரண்ட் போய் ரவுட்டர் ஆஃப் ஆகி ஆன் ஆனால் புது எண் வரலாம். மாறாத எண் வேண்டும் என்றால் ‘ஸ்டாட்டிக் ஐபி’ என்று தனியாகக் கேட்டு, கூடுதல் கட்டணம் கட்டி வாங்கணும். சில பிளான்களில் அந்த வசதியே கிடையாது. கனெக்‌ஷன் எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

‘போர்ட் ஃபார்வேர்டிங்’ - அந்த ஆபத்தான குறுக்குவழி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பொது முகவரி கிடைத்துவிட்டது என்றால், ரவுட்டரில் ஒரு செட்டிங் போடலாம். “வெளியே இருந்து 3389-ம் கதவைத் தட்டினால், நேராக மெயின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடு” என்று சொல்லும் செட்டிங். 3389 என்பது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் கதவு எண். பத்து நிமிட வேலை. கோவையில் உட்கார்ந்துகொண்டு ஈரோட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பில் போடலாம். எல்லோருக்கும் சந்தோஷம்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கதவு கோவைக்கு மட்டும் திறக்கவில்லை. உலகத்துக்கே திறந்திருக்கிறது.

“நம்ம கடையை யார் தேடி வரப்போறாங்க?” என்று கேட்கலாம். யாரும் உங்களைப் பெயர் சொல்லித் தேட வேண்டியதே இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ‘இசட்மேப்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் சுமார் 45 நிமிடத்தில் தட்டிப் பார்க்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அது ஆய்வுக்காக. இதே வேலையைத் திருடர்களும் இரவு பகலாகச் செய்கிறார்கள். எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பட்டியல் எடுப்பது, பிறகு சாஃப்ட்வேரை வைத்து ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்ப்பது. இதில் மனிதர் உட்கார வேண்டிய வேலையே குறைவு.

கடை பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு எத்தனை நேரம் தாங்கும்?

“3389-க்குப் பதிலா வேற நம்பர் வெச்சிட்டோம் சார், பிரச்னை இல்லை” என்று சிலர் சொல்வார்கள். கதவை வேறு பக்கம் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும் கருவிக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பைல் ஷேரிங்கை வெளியே திறந்துவிடுவதும் இதே கதைதான். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய ‘வான்னாக்ரை’ ரான்சம்வேர் நினைவிருக்கலாம். விண்டோஸின் பைல் பகிர்வுக்கான 445-ம் போர்ட் வழியாகத்தான் அது ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குத் தாவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

உள்ளே நுழைந்துவிட்டால் என்ன ஆகும்?

ரான்சம்வேர் என்பது பைல்களைப் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும் வேலை. காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரை ஆன் செய்தால் கணக்கு திறக்காது. யாரிடம் எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு தரணும், எவ்வளவு சரக்கு, எல்லாம் போச்சு. கடனுக்குச் சரக்கு கொடுத்து வாங்கும் வியாபாரத்தில் கணக்குப் புத்தகம் இல்லை என்றால் கையில் எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம்.

பிரிட்டனில் கேஎன்பி என்ற லாரி நிறுவனம் இருந்தது. 158 வருடப் பாரம்பரியம், சுமார் 500 லாரிகள். 2023-ல் ரான்சம்வேர் கும்பல் உள்ளே புகுந்தது. ஊழியர் ஒருவரின் சுலபமான பாஸ்வேர்டை யூகித்துத்தான் நுழைந்திருக்க வேண்டும் என்று நம்பப்படுகிறது. நிறுவனத்தின் தரவுகள் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதே ஆண்டில் நிறுவனம் மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். லாரிகள் அப்படியேதான் இருந்தன. கணக்குதான் போயிருந்தது.

அப்படியென்றால் பாதுகாப்பான வழி எது?

விபிஎன். இந்தப் பெயரைக் கேட்டதும் யூடியூப் விளம்பரத்தில் வரும், வேறு நாட்டுப் படம் பார்க்கும் ஆப் நினைவுக்கு வரும். அது வேறு. அங்கே உங்கள் இன்டர்நெட் போக்குவரத்து ஒரு தனியார் நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகிறது. நாம் பேசுவது உங்கள் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் நடுவே போடும் சுரங்கப்பாதை.

பாதை போவது பொது இன்டர்நெட் வழியாகத்தான். ஆனால் உள்ளே போவது எல்லாம் மறையீடு செய்யப்பட்டுப் போகும். நடுவில் யார் எட்டிப் பார்த்தாலும் புரியாது. சரியான சாவி இல்லாதவர்களுக்கு வாசலே கிடையாது.

இதில் ரெண்டு வகை.

முதல் வகை, இடத்துக்கு இடம். ஈரோட்டு ரவுட்டரும் கோவை ரவுட்டரும் எப்போதும் இணைந்தே இருக்கும். கோவையில் யார் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் ஈரோட்டு நெட்வொர்க் பக்கத்து அறை மாதிரி தெரியும். விபிஎன் வசதி உள்ள ரவுட்டர் ரெண்டு பக்கமும் தேவை. நெட் கனெக்‌ஷனோடு இலவசமாக வரும் ரவுட்டரில் பெரும்பாலும் இது இருக்காது.

ரெண்டாவது வகை, ஆளுக்கு ஆள். அக்கவுன்டன்ட் வீட்டு லேப்டாப், ஓனரின் போன் என்று ஒவ்வொரு கருவியிலும் ஆப் போட்டுத் தேவைப்படும்போது இணைவது. ரெண்டு மூன்று பேர் மட்டும் என்றால் இதுவே போதும்.

தொழில்நுட்பம் என்று பார்த்தால் இப்போது பலரும் பரிந்துரைப்பது ‘வயர்கார்டு’. இலவசம், திறந்த மூல மென்பொருள். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜோடி சாவி. இதன் பெரிய பலம், தெரியாத ஆள் தட்டினால் பதிலே சொல்லாது. உள்ளே ஆள் இருப்பதே வெளியே தெரியாது. ஓபன்விபிஎன், ஐபிசெக் ஆகியவையும் நல்லவைதான். ‘பிபிடிபி’ என்ற பழைய முறையை மட்டும் யாராவது போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் பாதுகாப்பு எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது.

சிஜிநாட் இருந்தால் விபிஎன் போட முடியாதா?

வழக்கமான விபிஎன்னுக்கு ரெண்டு பக்கத்தில் ஒரு பக்கமாவது பொது முகவரி வேண்டும். ஈரோட்டில் ஸ்டாட்டிக் ஐபி வாங்கிவிட்டால், கோவையும் பெருந்துறையும் சிஜிநாட்டுக்குள் இருந்தாலும் கவலை இல்லை. அங்கிருந்து இங்கே அழைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பக்கமும் இல்லை என்றால்? டெயில்ஸ்கேல், ஜீரோடயர் மாதிரியான சேவைகள் இருக்கின்றன. ரெண்டு கம்ப்யூட்டரும் முதலில் நடுவில் உள்ள ஒரு சர்வரிடம் “நான் இங்கே இருக்கேன்” என்று சொல்லும். அது ரெண்டையும் அறிமுகம் செய்துவைக்கும். பிறகு முடிந்தவரை நேரடியாகப் பேசிக்கொள்ளும். முடியாவிட்டால் நடுவில் உள்ள சர்வர் வழியாகப் போகும், கொஞ்சம் மெதுவாக. ரவுட்டரில் எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. ஆனால் அந்தச் சேவையில் நீங்கள் தொடங்கும் அக்கவுன்ட்தான் மொத்தக் கடைக்கும் சாவி. அதற்கு ஓடிபி மாதிரியான ரெண்டாம் கட்டப் பாதுகாப்பு கட்டாயம்.

இந்த ஒரு விஷயத்தில் பலரும் சிக்குவார்கள்

ஈரோட்டிலும் 192.168.1.5 என்று ஒரு கம்ப்யூட்டர், கோவையிலும் 192.168.1.5 என்று ஒரு கம்ப்யூட்டர். விபிஎன் போட்டதும் ரெண்டும் ஒரே தெருவுக்கு வந்துவிடுகிறது. எதைத் தேடுவது என்று ரவுட்டருக்குக் குழப்பம். “விபிஎன் கனெக்ட் ஆகுது, ஆனா ஒண்ணுமே ஓபன் ஆகலை” என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தீர்வு சுலபம். ஈரோடு 192.168.10, பெருந்துறை 192.168.20, கோவை 192.168.30 என்று ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துவிடணும். 192.168.0, 192.168.1 ரெண்டையும் தவிர்ப்பது நல்லது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் அதுதான் இருக்கும், வீட்டில் இருந்து இணையும்போது முட்டும்.

விபிஎன் போட்டாச்சு... ஆனா கணக்கு சாஃப்ட்வேர் ஏன் ஆமை வேகத்தில் போகுது?

இதுவும் அடிக்கடி கேட்கும் புகார். “100 எம்பிபிஎஸ் நெட் வாங்கியிருக்கேன், அப்பவும் ஸ்லோ” என்பார்கள். பிரச்னை வேகத்தில் இல்லை, போய் வரும் நேரத்தில் இருக்கிறது.

பைலை அடிப்படையாகக் கொண்ட கணக்கு சாஃப்ட்வேர்கள் ஒரு பக்கத்தைத் திறக்கச் சின்னச் சின்னதாகப் பல கேள்விகள் கேட்கும். கேள்வி போய், பதில் வந்து, அடுத்த கேள்வி. கடைக்குள் ஒரு முறை போய் வர 1 மில்லி செகண்டுக்கும் குறைவுதான். இன்டர்நெட் வழியாக 30 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கேள்வி கேட்டால் கடைக்குள் ஒரு செகண்ட், இங்கே 30 செகண்ட். நெட் பிளானை 300 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. நடுவில் நெட் கட் ஆனால் பைல் கெட்டுப்போகும் அபாயமும் உண்டு.

எனவே, கணக்குப் பைலைக் கோவைக்கு இழுக்காமல், ஈரோட்டுக் கம்ப்யூட்டரின் திரையை மட்டும் கோவையில் பார்ப்பதுதான் சரியான வழி. அதாவது, முதலில் விபிஎன், அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப். சாஃப்ட்வேர் ஈரோட்டிலேயே ஓடும். படமும் கீபோர்டு தட்டுவதும் மட்டும் போய் வரும். முன்பு சொன்ன அதே ரிமோட் டெஸ்க்டாப்தான். ஆனால் இப்போது கதவு தெருவில் இல்லை, சுரங்கத்துக்குள் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை:

- விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியாது. அழைக்கப்படும் கம்ப்யூட்டரில் ப்ரோ பதிப்பு வேண்டும்.
- ப்ரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கோவையில் இருந்து நுழைந்தால் ஈரோட்டில் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரே சமயம் பலர் வேலை செய்யணும்னா விண்டோஸ் சர்வரும், அதற்கான பயனர் உரிமங்களும் வாங்கணும். அல்லது கிளைக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டரை ஈரோட்டில் வைக்கணும்.
- கணக்கு சாஃப்ட்வேரின் உரிமமும் பலர் பயன்படுத்தக்கூடியதாக இருக்கணும். டாலிபிரைமில் சில்வர் என்றால் ஒரு கம்ப்யூட்டர், கோல்டு என்றால் ஒரே நெட்வொர்க்கில் பலர்.

கிளவுடுக்கே போய்விட்டால்?

அதுவும் ஒரு வழி. கணக்கு சாஃப்ட்வேரைக் கடையில் வைக்காமல் டேட்டா சென்டரில் வைத்துவிடுவது. டாலியைக் கிளவுடில் ஓட்டலாம். ஸோகோ புக்ஸ் மாதிரி பிரவுசரிலேயே ஓடும் சாஃப்ட்வேர்களும் இருக்கின்றன. ஸ்டாட்டிக் ஐபி, விபிஎன், ரவுட்டர் எந்தக் கவலையும் இல்லை. ஈரோட்டில் கரண்ட் போனாலும் கோவையில் வேலை நிற்காது.

கணக்கு என்னவென்றால், மாத வாடகை. ஆள் கூடக்கூடக் கட்டணமும் கூடும். இன்னொன்று, நெட் போனால் பில்லிங்கே நிற்கும். தீபாவளி கூட்டத்தில் அரை மணி நேரம் நெட் இல்லை என்றால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து, மொபைல் டேட்டா மாதிரி மாற்று ஏற்பாடு வைத்திருக்கணும்.

நடுவழியும் உண்டு. கிளையில் பில்லிங் தனியாகவே ஓடட்டும், நெட் இருக்கும்போது தலைமைக் கடையோடு சரிபார்த்துக்கொள்ளட்டும். டாலி உட்படப் பல சாஃப்ட்வேர்களில் இந்த சிங்க் வசதி இருக்கிறது. நொடிக்கு நொடி சரக்கு நிலவரம் தேவையில்லை, இரவுக்குள் கணக்கு வந்தால் போதும் என்பவர்களுக்கு இதுதான் சிக்கனம்.

எனிடெஸ்க் மட்டும் போதாதா?

எப்போதாவது ஒருமுறை என்றால் பரவாயில்லை. ஆனால் தினசரி வேலைக்கு அதையே நம்பி, ‘அட்டெண்ட் செய்ய ஆள் வேண்டாம்’ என்ற பாஸ்வேர்டை வைத்து 24 மணி நேரமும் திறந்து வைப்பது வேறு. அந்த பாஸ்வேர்டு தெரிந்த எல்லோரிடமும் கடைச் சாவி இருக்கிறது என்று அர்த்தம். பழைய சர்வீஸ் இன்ஜினியர், வேலையை விட்டுப்போன ஊழியர் உட்பட.

இந்த வகை ஆப்கள் மோசடிக்குப் பயன்படுவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பேங்கில் இருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க் போடச் சொன்னால், அது மோசடி. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தங்கள் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னது. சர்வீஸுக்காக ஆள் கேட்டால் கொடுங்கள், வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு எது பொருந்தும்?

- ஓனரும் அக்கவுன்டன்ட்டும் மட்டும் வெளியில் இருந்து பார்க்கணும்: ஆளுக்கு ஆள் விபிஎன் அல்லது டெயில்ஸ்கேல் மாதிரி சேவை, அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்.
- ரெண்டு மூன்று கிளை, நாள் முழுக்க பில்லிங்: தலைமைக் கடையில் ஸ்டாட்டிக் ஐபி, எல்லா இடத்திலும் விபிஎன் ரவுட்டர்.
- சர்வரைப் பராமரிக்க ஆள் இல்லை, கிளைகள் கூடிக்கொண்டே போகிறது: கிளவுட்.
- இரவுக்குள் கணக்கு வந்தால் போதும்: சிங்க்.

இணைத்துவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. இனிமேல் ஒரு இடத்தில் பிடித்த நெருப்பு இன்னொரு இடத்துக்கும் பரவும். கோவையில் யாரோ ஒரு கெட்ட இணைப்பைத் திறந்தால், சுரங்கம் வழியாக ஈரோட்டுக்கும் வரலாம்.

ரெண்டாம் பூட்டு: அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் 2021 மே மாதம் முடங்கியது. கிழக்குக் கடற்கரையில் பெட்ரோல் தட்டுப்பாடு. திருடர்கள் நுழைந்தது பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் அக்கவுன்ட் வழியாக. பாஸ்வேர்டு மட்டும்தான் இருந்தது, ரெண்டாம் கட்டச் சோதனை இல்லை. மீட்க 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தார்கள். விபிஎன் இருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது.

ஆளுக்கு ஒரு அக்கவுன்ட்: எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வேண்டாம். வேலையை விட்டுப் போகிறவரின் சாவியை அன்றைக்கே ரத்து செய்யுங்கள்.

தேவையான கதவு மட்டும்: கிளையில் இருந்து கணக்குக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வழி போதும். சிசிடிவி, ஓனரின் லேப்டாப் எல்லாம் தெரிய வேண்டியதில்லை.

அப்டேட்: ரவுட்டருக்கும் சேர்த்துத்தான். அதோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில்தான் கணக்கு ஓடுகிறது என்றால் மாற்றத் திட்டமிடுங்கள்.

பேக்கப்: மூன்று பிரதிகள், ரெண்டு வெவ்வேறு சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். முக்கியமாக, ஒரு பிரதியாவது கம்ப்யூட்டரோடு இணைக்கப்படாமல் இருக்கணும். எப்போதும் சொருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் ரான்சம்வேர் பூட்டிவிடும். கணக்கு 500 எம்பி என்றால், 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் வெளியூருக்கு அனுப்ப ஏழு நிமிடம்கூட ஆகாது. கடை மூடும் நேரத்தில் போட்டுவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பயனில்லை.

யுபிஎஸ்: மெயின் கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லை, ரவுட்டருக்கும் நெட் கனெக்‌ஷன் பெட்டிக்கும் சேர்த்து.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைக்குள் விபிஎன் வைப்பது சட்டவிரோதமா என்று சிலருக்குச் சந்தேகம் உண்டு. இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கணும் என்று உத்தரவிட்டது. அது பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்பவர்களுக்கு. நிறுவனங்கள் தங்கள் உள்வேலைக்கு வைக்கும் விபிஎன்னுக்குப் பொருந்தாது என்று செர்ட்-இன் பிறகு விளக்கமும் கொடுத்தது.

அதே உத்தரவில், நிறுவனங்கள் ரான்சம்வேர் போன்ற சைபர் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கணும் என்றும் இருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் என்றால் இன்னொரு விதியும் உண்டு. மின்னணுக் கணக்குகளின் பேக்கப், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். 2022 ஆகஸ்ட் திருத்தம் இது. கிளவுட் எடுக்கும்போது சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்பது இதனால்தான்.

தாக்குதல் நடந்துவிட்டால் முதல் வேலை, நெட் கேபிளைப் பிடுங்குவது, விபிஎன்னை நிறுத்துவது. மற்ற கிளைகளுக்குப் பரவாமல் இருக்கும். கம்ப்யூட்டரை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள், ஆதாரம் போய்விடும். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

நெட்வொர்க் போட வருபவரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

இதையெல்லாம் நீங்களே செய்யத் தேவையில்லை. ஆனால் செய்ய வருபவரிடம் இதைக் கேளுங்கள்.

1. ரவுட்டரில் ஏதாவது போர்ட் வெளியே திறந்திருக்கிறதா? எது, எதற்காக?
2. எந்த வகை விபிஎன்? ரெண்டாம் கட்டச் சோதனை உண்டா?
3. ஒரு ஊழியர் வேலையை விட்டால் அவர் அனுமதியை நான் எப்படி எடுப்பது?
4. நெட் போனால் கிளையில் பில் எப்படிப் போடுவது?
5. பேக்கப் எங்கே போகிறது? இப்போதே ஒன்றைத் திறந்து காட்ட முடியுமா?
6. ரவுட்டர், விபிஎன் பாஸ்வேர்டுகளை எழுதி என் கையில் தருவீர்களா?

முதல் கேள்விக்கு “3389 மட்டும்தான் சார், அது இல்லாம ஓடாது” என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே கடையில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இன்றைக்குக் கடை மூடும் முன் பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவைத்துவிட்டு, அந்தக் கதவை முதலில் அடைக்கச் சொல்லுங்கள்.